ஏடிடியா, டேக்கா? கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு முன்னால் இருக்கும் இரண்டு உத்தரவாதங்கள்

கலிஃபோர்னியாவில் பிள்ளை, இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகும் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறான் என்றால் நம் வீடுகளில் இன்னும் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது. தாழ வேண்டிய காரணமே இல்லை. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் ஓர் அலகுக்கு, 46 டாலர். 60 யூனிட் முடித்தாலும் 2,760 டாலர்தான். அதே மாணவர் நேராகக் கால் ஸ்டேட் எனும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 2025-26இல் ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணமே 6,450 டாலர். யூசி எனும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கவலைப்பட வேண்டியது பணத்தைப் பற்றி அல்ல. இரண்டு வருடத்தில் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போக முடியுமா என்பதைப் பற்றித்தான்.

போவதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஏடிடி எனப்படும் டிரான்ஸ்ஃபர் அசோசியேட் பட்டம். 2010இல் வந்த சட்டத்தால் உருவானது, கால் ஸ்டேட்டுக்கானது. இன்னொன்று டேக். அது யூசியின் ஆறு வளாகங்கள் தரும் இட உறுதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'யூசிதான் பெரிய பெயர், அதனால் டேக்' என்று முடித்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். இவை தரும் வாக்குறுதிகளே வேறு வேறு.

ஏடிடி முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். எந்த வளாகம் என்பதற்கு உறுதி கிடையாது. சான் ஹோசே ஸ்டேட்டில் எல்லாப் பாடப்பிரிவுகளிலுமே நெரிசல். அங்கே ஏடிடி முன்னுரிமை தருமே தவிர இடத்தை உறுதி செய்யாது. விண்ணப்பித்த எங்கும் கிடைக்காவிட்டால், இடம் உள்ள வேறொரு வளாகத்துக்குத் திருப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே போய்வர நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய அடி. ஆனால் ஏடிடியில் பலரும் கவனிக்காத இரண்டாவது பாதி ஒன்று உண்டு: படித்ததோடு ஒத்துப்போகும் பாடப்பிரிவில் சேர்ந்தால், மேற்கொண்டு 60 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் படிக்கச் சொல்ல முடியாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. ஏற்கெனவே படித்ததையே மறுபடி படிக்கவைக்கும் பழைய கொடுமைக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, குறைந்தபட்சம் 2.0 இருந்தால் போதும்.

டேக் நேர் எதிர். வளாகத்தையும் பாடப்பிரிவையும் பெயர் சொல்லி உறுதி தருகிறது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கேட்கலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. ஜிபிஏ வளாகத்துக்கு வளாகம் மாறும். சான்டா க்ரூஸுக்கு 3.0 என்றால் இர்வைனுக்கு 3.4. ஒவ்வொரு வளாகமும் சில பாடப்பிரிவுகளை வெளியே நிறுத்தியிருக்கிறது. சான்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரிக்கு டேக் கிடையாது.

தேதியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும். 30ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதோடு வேலை தீரவில்லை. அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் அதே பாடப்பிரிவுக்குப் போட வேண்டும். இரண்டாவதை விட்டால் முதலாவது செல்லாது.

மனம் மாறினால் எது தாங்கும்? என் கணக்கில் இதுதான் முக்கியமான கேள்வி. 18 வயதில் மனம் மாறாத பிள்ளை அபூர்வம். பொதுப்பாடங்களைப் பொறுத்தவரை இப்போது சிரமம் குறைந்திருக்கிறது. 2025 இலையுதிர் காலப் பருவத்திலிருந்து கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், 34 யூனிட், கால் ஸ்டேட்டுக்கும் யூசிக்கும் பொது. சிக்கல் பாடப்பிரிவுக்கான அடிப்படைப் பாடங்களில் இருக்கிறது. சைக்காலஜி ஏடிடிக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும்; கால்குலஸ் தேவையில்லை. அதைப் படிக்கும் மாணவி மூன்றாம் செமஸ்டரில் யூசியில் பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டால் கால்குலஸ் இல்லாமல் நகர முடியாது. அதனால், இன்னும் முடிவெடுக்காத பிள்ளை முதல் ஆண்டில் கடினமான கணக்கை எடுத்துவைப்பது நல்லது. கீழே இறங்குவது சுலபம், மேலே ஏறத்தான் நேரம் பிடிக்கும்.

இன்ஜினியரிங் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். என் அக்கா மகன் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்று தெளிவாகத்தான் சேர்ந்தான். அவன் கல்லூரியில் முதல் செமஸ்டரில் பார்த்த கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவர்) அரை மணி நேரத்தில் பொதுப்பாடங்களாகவே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வரலாறு, மேடைப்பேச்சு, ஓவிய ரசனை எல்லாம் முடித்து, மூன்றாம் செமஸ்டரில் கால்குலஸைத் தொடங்கினான். கால்குலஸ் முடிந்தால்தான் பிசிக்ஸ், அந்தப் பிசிக்ஸ் முடிந்தால்தான் அடுத்த பிசிக்ஸ். இரண்டு வருடம் மூன்றரை வருடமானது. எடுத்த யூனிட் எல்லாம் மாறிப்போகத் தகுதியுள்ளவைதான், ஆனால் அவன் பட்டத்துக்கு உதவாதவை. 'டிரான்ஸ்ஃபர் ஆகும்' என்பதும் 'பாடப்பிரிவுக்குக் கணக்கில் வரும்' என்பதும் ஒன்றல்ல என்று அவனுக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இன்ஜினியரிங்குக்குக் கணக்கும் பிசிக்ஸும் முதலில், பொதுப்பாடம் அப்புறம். உத்தரவாதம் எதையும் நம்பாமல், ஒவ்வொரு வளாகமும் கேட்கும் பாடங்களைத் தனித்தனியே முடிப்பதுதான் அவர்களுக்கு நிஜமான வழி.

அந்தப் பாடங்களைத் தெரிந்துகொள்ள 'அசிஸ்ட்' இணையதளம் இருக்கிறது. உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதற்கு அதுதான் அதிகாரபூர்வமான பதிவு. கவுன்சிலரைப் பார்க்கப் போகும் முன் போக விரும்பும் மூன்று வளாகங்களுக்கும் அதை அச்சிட்டு எடுத்துப் போங்கள். கையில் தாள் இருந்தால் அந்த அரை மணி நேரம் வேறு மாதிரி போகும். கவுன்சிலர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒருவருக்கே ஏகப்பட்ட மாணவர்கள், நேரம் போதாது.

இடையில் கல்லூரி மாறுவதிலும் கவனம் வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் இரண்டும் குவார்ட்டர் எனும் காலாண்டுப் பருவ முறை. பெரும்பாலான மற்றவை செமஸ்டர். குவார்ட்டரில் கால்குலஸ் நான்கு துண்டு, செமஸ்டரில் மூன்று. பாதியில் மாறினால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், இல்லை விட்டுப்போகும். தொடங்கிய வரிசையைத் தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட வேண்டும்.

சரி, எது? ஜிபிஏ 3.4க்கு மேல் நிலையாக நிற்கிறது, பாடப்பிரிவும் உறுதி, வீட்டை விட்டுப் போகத் தயார் என்றால் டேக். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர், ஒரு செமஸ்டர் சறுக்கியவர், செலவை எண்ணிப் பார்க்க வேண்டிய வீட்டுப் பிள்ளை இவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் ஏடிடியைச் சொல்வேன். அந்த 60 யூனிட் வரம்பு கையில் நிற்கும் பணம். பாடங்கள் ஒத்துவந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம். செப்டம்பரில் டேக், அக்டோபரில் கால் ஸ்டேட் விண்ணப்பம். ஆனால் டேக் போடும் அந்தச் செப்டம்பருக்குள் சுமார் 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். அதாவது சேர்ந்த முதல் மாதத்திலேயே கவுன்சிலரோடு உட்கார்ந்து கல்வித் திட்டத்தை எழுதியிருக்க வேண்டும்.