ரிமைண்டர் ஆப்பும் எங்கள் புழு ஷெட்டும்: பல வருட அனுபவம்

வுண்டர்லிஸ்ட் என்ற ஆப் இருந்த காலத்திலிருந்தே போனில் வேலைப் பட்டியல் வைத்திருக்கிறேன். மைக்ரோசாப்ட் 2015-ல் அதை வாங்கி 2020 மே மாதம் மூடியபோது, பட்டியல்களை அப்படியே மைக்ரோசாப்ட் டூ டூவுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது, மாற்றிக்கொண்டேன். இப்போது பெரும்பாலான வேலைகள் டூடூயிஸ்ட் ஆப்பில், மளிகைப் பட்டியல் மட்டும் கூகுள் கீப்பில். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: ரிமைண்டரை எந்தத் தேதிக்குப் போடுகிறோம் என்பதைவிட எந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம். மல்பெரி தோட்டம், பட்டுப்புழு வளர்க்க ஒரு ஷெட், மாடுகள், வீட்டில் அத்தை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். மறந்தால் காசு போகிற வேலை, உடம்பு கெடுகிற வேலை, ஒன்றுமே ஆகாத வேலை என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டியாக வேண்டும். ஆனால் ரீடிங் எடுக்க வருபவர் ஒவ்வொரு முறையும் அதே தேதியில் வருவார் என்று சொல்ல முடியாது. ஒரு தேதியை நிரந்தரமாகப் போட்டு வைத்தால் பில்லே வராத நாளில் மணி அடிக்கும், நாமும் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அதனால் அவர் வாசலைத் தாண்டியதும் அன்றிலிருந்து பத்து நாள் கழித்து என்று ஒரு ரிமைண்டர் போடுகிறேன். அவ்வளவுதான் வேலை.

டூடூயிஸ்ட்டை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். அதில் "எவ்ரி 3 மன்த்ஸ்" என்று ஆங்கிலத்தில் அடித்தால் முதலில் குறித்த தேதியை வைத்தே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும். எவ்ரிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால், வேலையை முடித்து டிக் அடித்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணும். ஒரு குறிதான், ஆனால் அத்தைக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, மாட்டுக்குக் குடற்புழு மருந்து, தண்ணீர் வடிகட்டி மாற்றுவது எல்லாம் இந்தக் குறியில்தான் ஓடுகின்றன. மாட்டுக்கு மருந்து பத்து நாள் தள்ளிப்போனால் அடுத்ததும் பத்து நாள் தள்ளித்தான் வர வேண்டும், இல்லையா? பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி தேதி மாறாதவற்றுக்கு ஆச்சரியக்குறி வேண்டாம்.

புழு ஷெட்டில் இது இன்னும் பெரிய விஷயம். இரண்டாவது தோலுரிப்பு முடிந்த இளம்புழுவை சாக்கி மையத்திலிருந்து (இளம்புழு வளர்த்துத் தரும் இடம்) வாங்கி வருவோம், நம்மிடம் இன்னும் இரண்டு தோலுரிப்பு இருக்கும். தோலுரிக்கும் நேரத்தில் இலை போடக்கூடாது, சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்வாக வைக்க வேண்டும். புழு தோலுரித்து எழுந்த பிறகு விஜேதா மாதிரி கிருமிநாசினிப் பொடியைத் தூவி அரைமணி நேரம் விட்டுத்தான் இலை. நாலாவது தோலுரிப்புக்குப் பிறகு வரும் ஐந்தாம் பருவத்தின் நாலாவது நாள் திரும்பவும் பொடி. இதில் எதற்கும் காலண்டர் தேதி கிடையாது, ஏனென்றால் மார்கழிக் குளிரில் புழு மெதுவாக வளரும், சித்திரை வெயிலில் அதே பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் புழு வந்த அன்றே முழு அட்டவணையையும் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. புழு நாலாவது தோலுரிப்பு முடிந்து எழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு "பொடி, நாலாம் நாள் காலை" என்று போடுவேன். புழு கூடு கட்டும் நெட்ரிகா தட்டில் ஏற்றிய பிறகு கூடு எடுக்கும் நாளைப் போடுவேன். சீக்கிரம் எடுத்தால் உள்ளே கூட்டுப்புழு இளசாக இருக்கும், நசுங்கிக் கூட்டில் கறை படிந்துவிடும். தாமதித்தால் எடை குறையும், அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். கூடு எடுப்பதற்கு முதல் நாள் ஒரு ரிமைண்டர், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வண்டி சொல்ல.

வீட்டுக்காரர் இன்னமும் ஷெட் கதவில் சாக்பீஸால் தேதி எழுதுகிறார். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை, என் போன் என்னோடு சந்தைக்குப் போய்விட்டால் ஷெட்டில் இருப்பவருக்கு அந்தக் கதவுதானே தெரியும்.

அடுத்து, மணி அடிக்குமா என்ற கேள்வி. ஆப் நன்றாக இல்லை என்று நிறையப் பேர் அழித்துவிடுகிறார்கள், பல நேரம் அது போனின் பேட்டரி சேமிப்பால் வருவது. ஆண்ட்ராய்டில் 2015-லிருந்தே போன் சும்மா கிடந்தால் பின்னணியில் இருக்கும் ஆப்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதற்கு மேல் சில போன் கம்பெனிகள் தாங்களாக இன்னும் இறுக்கமாக வைத்திருக்கின்றன. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு பேட்டரியை அன்ரெஸ்ட்ரிக்டெட் ஆக்குங்கள், ஆட்டோ ஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் அனுமதியுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்" என்று தனி அனுமதியும் உண்டு. போனில் பெரிய அப்டேட் வந்த பிறகு இவற்றை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் மாத்திரை விஷயத்தில் நான் இந்த ஆப்களை நம்பி விடுவதில்லை. அத்தையின் தைராய்டு மாத்திரை விடிகாலை வெறும் வயிற்றில், போட்ட பிறகு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது. அதற்குப் போனில் இருக்கும் கடிகார அலாரம்தான், அதுவும் அத்தை போனிலேயே. "உன் போன் அடிச்சா நீதான் எழுந்திரிக்கிற, எனக்கு என்ன தெரியும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நேரம் வைப்பதிலும் கவனம் வேண்டும். காலை எட்டு மணிக்கு எதையும் வைக்காதீர்கள், அப்போது டிபன் பாக்ஸ், பள்ளி வேன், இலை வெட்டு எல்லாம் ஒன்றாக ஓடும், எந்த மணியையும் விரல் தானாகத் தள்ளிவிடும். பேங்க் வேலை என்றால் பென்னாகரம் போகிற நாளில் பஸ் ஏறும் நேரத்துக்கு வையுங்கள். "கேஸ்" என்று மட்டும் எழுதாமல் "கேஸ் புக் பண்ணணும்" என்று எழுதுங்கள். கையில் இலைச் சாறு ஒட்டியிருக்கும்போது நான் ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு) தமிழில் பேசியே பதிகிறேன், ஊர்ப் பெயர்களைத் தவிர பெரும்பாலும் சரியாக எழுதுகிறது. மணி அடிக்கும் ரிமைண்டர்களைக் குறைவாக வைப்பது ரொம்ப முக்கியம், தள்ளிப்போனால் பாதகமில்லாதவை சத்தமில்லாமல் பட்டியலில் கிடக்கட்டும்.

கீப்பில் மளிகைப் பட்டியலை வீட்டுக்காரரோடு பகிர்ந்திருக்கிறேன். நான் வீட்டிலிருந்து துவரம்பருப்பு சேர்த்தால் அவர் கடையில் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இன்னும் தீராத குறை அமாவாசையும் கிருத்திகையும். நான் பயன்படுத்திய எதிலும் "ஒவ்வொரு அமாவாசைக்கும்" என்று போட வழியில்லை, மாதத்துக்கு ஒருமுறை என்றால் தேதி நகர்ந்துவிடும். அதனால் புது வருடத் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் உட்கார்ந்து அந்த வருடத்து அமாவாசை, கிருத்திகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஏற்றிவிடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் சாயங்காலம் மணி அடிக்கிற மாதிரி, ஏனென்றால் வாழை இலையும் பூவும் அன்றைக்கே வாங்கி வைத்தாக வேண்டும்.