கிரானைட்டுக்கு ரேடியேஷன் டெஸ்ட்னு ஆள் வந்தா உள்ள விடாதீங்க: 18,500 ரூபாய் போச்சு

கொல்லங்கோடு, நித்திரவிளை, பாறசாலை பக்கம் புது வீடு கட்டினவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. 18,500 ரூபாய்! சமையல் மேடைக்குப் போட்ட கல்லுக்கே அவ்வளவு ஆகலை.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப். "இலவச ரேடான் பரிசோதனை"ன்னு விளம்பரம். ரேடான்னா மண்ணு, கல்லுல இருந்து கசியுற கதிரியக்க வாயு. கடற்கரை மண்ணுல கதிர்வீச்சு உள்ள மோனசைட், தோரியம் இருக்குன்னு கேட்டே வளர்ந்த ஊரு இது. அந்தப் பயத்தை வெச்சுத்தான் அவனுங்க பிழைப்பே.

வந்த பையன் அவ்வளவு மரியாதை. செல்போன் அளவு கதிர்வீச்சு மீட்டரை மர அலமாரி மேல வெச்சான், 0.12 காட்டுச்சு. கிரானைட் மேல வெச்சதும் டிக் டிக்னு சத்தம் கூடி 0.31, நம்பர் சிவப்பாயிடுச்சு. அந்த நேரம் பார்த்து உள்ளறையில அம்மா இருமினாங்க. மீட்டரை எடுக்காமலே கேட்டான், "சேச்சி, அம்மைக்கு இந்த இருமல் எத்தன நாளாட்டு இருக்கு?" கதிர்வீச்சைத் தடுக்கிற கோட்டிங்னு அவன் சொன்னதுக்கு 18,500-ஐ நின்ன இடத்துலயே ஜிபே பண்ணிட்டேன். தண்ணி மாதிரி எதையோ துணியில நனைச்சுத் தேய்ச்சிட்டு, "இனி பேடிக்கண்டா" (இனி பயப்பட வேண்டாம்)ன்னு கிளம்பிட்டான்.

பில் கேட்டா "ஆப்புல வரும்". ஆப்புல கேட்டா "டெக்னீஷியன் தருவார்". திரும்ப அளந்து காட்டுன்னா "கோட்டிங் செட் ஆகணும்". அப்புறம் "சார் லீவு". அப்புறம் வெறும் ப்ளூ டிக். கடைசியா ஒரு பொண்ணு சொல்லுது, "கண்ணுக்குத் தெரியாத சர்வீஸுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." கண்ணுக்குத் தெரியாததுக்கு 18,500 வாங்க மட்டும் தெரியுது!

சித்தி மகன் காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார். காலேஜ் மீட்டரோட வந்தான். கோட்டிங் போட்ட கல்லு அதே 0.31. எங்க முற்றத்து மண்ணு அதைவிடக் கூட காட்டுது. எந்த கிரானைட்லயும் கொஞ்சம் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இருக்கும், மீட்டர் சத்தம் போடத்தான் செய்யும்னான். ரேடான் வாயு, இந்த மீட்டர் அதை அளக்கவே அளக்காது. சின்ன டப்பாவுக்குள்ள பிலிம் வெச்ச டிடெக்டரை மாசக்கணக்குல வீட்டுக்குள்ள தொங்கவிட்டு லேபுக்கு அனுப்பணுமாம். ஒரு கன மீட்டர் காத்துக்கு இத்தனை பெக்கரல்னு (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) கணக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 100-க்குள்ள இருக்கணும், முடியாத பட்சத்துல 300-ஐத் தாண்டக்கூடாது. ரேடான் பொய்யில்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு புகைபிடிக்கிறதுக்கு அடுத்த முக்கியக் காரணமே அதுதான். ஆனா வீட்டுக்குள்ள பெரும்பாலும் தரைக்கு அடியில இருக்கிற மண்ணுல இருந்துதான் ஏறுது, சமையல் மேடையில இருந்து வர்றது சொற்பம். ஜன்னலைத் திறந்து வை அக்கான்னுட்டுப் போயிட்டான். பையன் தேய்ச்சது என்னன்னா, கறை பிடிக்காம இருக்க கல்லுக்கடையில விக்கிற சீலர்.

பில் தராதவனுக்குக் காசு அனுப்பாதீங்க. நிமிஷத்துல ரேடான் அளக்கிறேன்னா வாசல்லயே நிறுத்துங்க. நுகர்வோர் புகாருக்கு 1915. நானும் போட்டேன், புகார் நம்பர் வந்துச்சு, 18,500 வரலை. பையன் இப்ப நித்திரவிளை பக்கம் பைக்ல சுத்துறானாம், யார் வீட்டுலயாவது வயசானவங்க இருந்தா சொல்லி வைங்க.