ஒத்தை ஸ்கீ, மூணு போட்: நாலு சீசன் தண்ணி குடிச்சவனோட ரிவ்யூ

ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், இந்தப் பழமொழிய எனக்கு நானே சொல்லிக்கிட்டு ரெண்டு சீசன் தண்ணி குடிச்சேன். வாட்டர் ஸ்கீயிங் தெரியும்ல, போட் கயித்தக் கட்டி இழுக்க தண்ணி மேல சறுக்குறது, அதுல ரெண்டு காலையும் ஒரே பலகைல முன்ன பின்ன வச்சு ஓட்டுறதுதான் ஒத்தை ஸ்கீ. அதுல எந்திரிக்க முடியல, எந்திரிச்சா நிக்க முடியல, நின்னா போட் கெளப்புற அலைய தாண்ட முடியல. சரி, 40 தாண்டியாச்சு, உடம்பு 84 கிலோ, நமக்கெதுக்கு இந்த வேலைன்னு மூட்ட கட்டலாம்னு இருந்தப்பதான் தெரிஞ்சுது, என் கேஸ்ல மேடை நெஜமாவே கோணல்.

மொத ஸ்கீ ஓசில வந்தது. போட்டிக்கெல்லாம் போற ஃப்ரெண்டு ஒருத்தர் புதுசு வாங்குனதும் பழச எங்கிட்ட தள்ளிவிட்டார், 66 இஞ்ச், முழுக்க கார்பன், ஒல்லி. கைல தூக்குனா எடையே தெரியாது, ஹால்ல சாத்தி வச்சு ஒரு வாரம் போறப்ப வர்றப்பல்லாம் தடவிப் பாத்துட்டு இருந்தேன். தண்ணில போட்டப்பதான் வெவகாரம் ஆரம்பிச்சுது. அந்த ஸ்கீய செஞ்சவங்க மனசுல இருந்த ஆளு நான் இல்லீங்க. ஸ்லாலம் கோர்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிர்றேன், 259 மீட்டர் நீளம், உள்ள நுழைய ஒரு கேட்டு, வெளிய வர ஒரு கேட்டு, நடுவுல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி 6 மிதவை, ஒவ்வொண்ணும் நடுக்கோட்டுலருந்து 11.5 மீட்டர் தள்ளி. போட் பாட்டுக்கு நேரா போகும், நீங்க வளைஞ்சு வளைஞ்சு ஆறையும் வெளிப்பக்கமா சுத்தணும். ஓப்பன் போட்டில உச்ச வேகம் ஆம்பளைங்களுக்கு 58 கிலோமீட்டர், பொம்பளைங்களுக்கு 55. அந்த 55ல போனா மொத்த கோர்ஸும் 17 செகண்டுக்குள்ள முடிஞ்சிரும். முடிச்சா அதோட விடமாட்டாங்க, கயித்த குறைப்பாங்க, 18.25 மீட்டர்ல ஆரம்பிச்சு 16, 14.25, 13, 12ன்னு போயி 11.25க்கு வந்துரும். கவனிங்க, மிதவை நிக்கிறது 11.5ல, கயிறு அதவிட கட்டை, மிச்சத்த உடம்ப சாச்சு கைய நீட்டித்தான் எட்டணும். அப்படிப்பட்ட ஆளுங்களுக்கு செஞ்ச பலகைய எடுத்துக்கிட்டு 45 கிலோமீட்டர்ல ஜாலியா ஒரு ரவுண்டு போகலாம்னு கெளம்புனவன் நான்.

ஒல்லி ஸ்கீய தண்ணிக்கு மேல நிறுத்துறது வேகம்தான். வேகம் பத்தலன்னா வால் முங்கும், மூக்கு தூக்கும், நீங்க சறுக்க மாட்டீங்க, தண்ணிய உழுவீங்க. பின்னங்கால் தொடை அடுப்புல வச்ச மாதிரி எரியும். எந்திரிக்கிறது அதவிட கொடுமை, ஆழத்தண்ணில முட்டிய நெஞ்சோட மடக்கி, கைய நேரா நீட்டி, ஸ்கீ மூக்க கயித்துக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு "போலாம்"னு கத்துனதும் போட் இழுக்கும், அந்த ஒல்லிப் பலகை மேல வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு வரவே வராது, மனசுல எட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள மூக்கு வழியா ஒரு டம்ளர் தண்ணி உள்ள போயிருக்கும், விரல் ஒவ்வொண்ணா ஹேண்டில விட்டு கழண்டுக்கிட்டிருக்கும். மச்சான் போட்ட திருப்பிக்கிட்டு வந்து "மாமா, இன்னொரு தடவ?"ன்னு கேக்குறப்ப வர்ற கோவம் இருக்கே.

ரெண்டாவது ஸ்கீதான் இந்த ரிவ்யூவே எழுத வச்சது. ஹெச்ஓ கம்பெனியோட ஆம்னி, 69 இஞ்ச். ரேடார் கம்பெனியோட செனட்டும் வீக்கெண்ட் ஆளுங்கள மனசுல வச்சு செஞ்சதுதான், ரெண்டையும் பாத்துட்டு ஆம்னிய எடுத்தேன், காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, என் சைஸ்ல அன்னைக்கு அதுதான் கைக்கு கெடச்சுது. இந்த வகை ஸ்கீயெல்லாம் போட்டி ஸ்கீய விட அகலம், அதனால கம்மி வேகத்துலயே மெதக்கும். மொத நாள் மொத இழுப்புலயே மூணு எண்ணுறதுக்குள்ள மேல வந்துட்டேன், வந்ததையே நம்பாம இன்னும் குத்தவச்சே போயிட்டிருக்கேன், போட்ல இருந்து என் பொண்ணு "அப்பா எந்திரிங்க, எந்திரிச்சாச்சு!"ன்னு கத்துறா. யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. 1922ல அமெரிக்கால மினசோட்டா பக்கம் பெபின் ஏரில ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒரு 18 வயசுப் பையன்தான் இந்த ஆட்டத்தையே ஆரம்பிச்சு வச்சது, அவன் கால்ல கட்டுனது 8 அடி நீளம் 9 இஞ்ச் அகலத்துல ரெண்டு பைன் பலகை, நுனிய கொதிக்கிற தண்ணில போட்டு வளைச்சான். மெதக்கணும்னா அகலம் வேணும்னு அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு.

திரும்புறது எப்படின்னா, வெளிப்பக்கம் போயி வேகத்த கொஞ்சம் விட்டுட்டு எடைய ரெண்டு கால்லயும் சமமா வச்சா போதும், ஸ்கீ தானா வளைஞ்சு வருது. பின்னங்கால அழுத்தி மெரட்டுனா வளையாது, நின்னுரும், நீங்க முன்னாடி போயிருவீங்க. நுனிலருந்து வால் வரைக்கும் அடில ஒரு வளைவு இருக்கும்ல, ராக்கர்னு சொல்வாங்க, அது கூடுதலா இருந்தா ஈஸியா திரும்பும் ஆனா வேகத்த தின்னும், தட்டையா இருந்தா அம்பு மாதிரி போகும் ஆனா பிடிவாதம். 50க்கு மேல போறப்ப அகல ஸ்கீ ஒரு எட்ஜ்லருந்து இன்னொரு எட்ஜுக்கு மாற கொஞ்சம் சோம்பல் படுறது எனக்கே தெரியுது. கோர்ஸ்ல ஆறையும் முடிச்சு கயித்த குறைக்கிற அளவுக்கு நீங்க வந்துட்டீங்கன்னா அடுத்த ஸ்கீ தேட வேண்டியதுதான். நான் இதுவரைக்கும் எடுத்தது அதிகபட்சம் நாலு மிதவை, அதுவும் 46 கிலோமீட்டர்ல, எனக்கு இது இன்னும் பல வருஷத்துக்கு போதும்.

சைஸ் விஷயத்துல மட்டும் கூச்சப்படாதீங்க. விரலுக்கேத்த வீக்கம்னு சொல்ற மாதிரி எடையையும் ஓட்டுற வேகத்தையும் பாத்துத்தான் நீளம் எடுக்கணும், உயரத்துக்கு இதுல பெரிய வேலை இல்ல. சுமாரா 70லருந்து 80 கிலோ வரைக்கும் 67 இஞ்ச் சரியா இருக்கும், அதுக்கு மேலன்னாலோ வேகம் கம்மின்னாலோ பெருசுக்குப் போங்க. எடைய கம்மியா சொல்லி ஏமாத்துனா நஷ்டம் உங்க தொடைக்குத்தான். கார்பனா கிளாஸ் ஃபைபரான்னு கேட்டா, கார்பன் வெயிட்டு கம்மி, வெறப்பு, நம்ம தப்ப உடனே காட்டிக்கொடுக்கும். கிளாஸ் ஃபைபர் கொஞ்சம் மன்னிச்சு விடும். ஆரம்பத்துல மன்னிக்கிறதே நல்லது.

அப்புறம் அடில மீன் துடுப்பு மாதிரி நிக்கிற தகடு, ஃபின்னு சொல்வாங்க, அதுல கைய வைக்காதீங்க. போட்டி ஆளுங்க அத காலிப்பர்ங்கிற அளவு கருவி வச்சு இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல முன்ன பின்ன நகத்துவாங்க. எங்க வீட்ல என்னாச்சுன்னா, ஸ்க்ரூ லூசா இருக்குன்னு மச்சான் டைட் பண்றேன்னு உக்காந்து, ஃபின் கழண்டு கைல வந்து, திரும்ப கண்ணளவுல மாட்டிட்டான். அடுத்த நாள் வலது பக்கம் நல்லா திரும்புது, இடது பக்கம் திரும்புறப்பல்லாம் வால் வழுக்கிட்டு போகுது, நான் வழக்கம்போல என் ஸ்டைல் சரியில்லன்னு நெனச்சு ஒரு வாரம் இடுப்ப ஒடிச்சுக்கிட்டேன். கம்பெனி கொடுத்த அளவு பேப்பர்ல இருந்துச்சு, அத வச்சு திரும்ப செட் பண்ணதும் சரியாயிருச்சு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அவ்ளோதான்.

இப்ப போட். மேடை கோணல்ல பாதி ஸ்கீன்னா மீதி இதுதான். எங்களோடது அவுட்போர்டு, அதாவது பின்னாடி வெளிய தொங்குற எஞ்சின், வச்ச சாதா ஃபேமிலி போட், மீன் பிடிக்கவும் அதுதான், பசங்கள ரவுண்டு கூட்டிட்டுப் போகவும் அதுதான், கம்பெனி பேரு வேணாம். கயிறு கட்டுறது பின்னாடி மூலைல. நான் வெளிப்பக்கம் சாஞ்சு இழுத்தா போட்டோட பின்பக்கமே என் பக்கம் திரும்புது, மச்சான் ஸ்டீயரிங்க எதிர்ப்பக்கம் ஒடிக்கிறான், உடனே நான் இந்தப் பக்கம் வந்துர்றேன், அவன் இன்னும் அந்தப் பக்கமே ஒடிச்சுக்கிட்டிருக்கான். வேகமும் நிக்காது, 45 வைடான்னா 41க்கும் 50க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடும். ஆனா ஒத்துக்கணும், அகல ஸ்கீ வந்ததுக்கு அப்புறம் இதே போட்டுக்குப் பின்னாடி நல்லாவே ஓட்டுறேன்.

ஒரு லீவுக்கு வேக்போர்டு ஓட்டுறவங்க, அதாவது அகலப் பலகைல பக்கவாட்டுல நின்னு அலைல குதிக்கிறவங்க, வச்சிருக்குற வி டிரைவ் போட் ஒண்ணுக்குப் பின்னாடி போனேன். சீட்டு, பாட்டு, நெழலு எல்லாம் ராஜபோகம். எஞ்சின் பின்னாடி இருக்கும், வாலு கனம், அலைய பெருசாக்குறதுக்குன்னே செஞ்ச போட்டு அது. எடைக்கு ஏத்துற தண்ணியெல்லாம் காலி பண்ணிட்டுத்தான் போனோம், அப்பவும் நடுவுல ஒரு வரப்பு நிக்குது. ஒத்தை ஸ்கீல அத வேகமா குறுக்க வெட்டிப் பாருங்க, முட்டி காதுக்கிட்ட வரும். குதிக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு அது சொர்க்கம், ஸ்லாலம் பழகுறவங்க பக்கத்துல போகாதீங்க.

மூணாவது, ஸ்கீ கொடுத்த அதே ஃப்ரெண்டோட ஸ்கி நாட்டீக் 196, பழசுதான். கரெக்ட் கிராஃப்ட்காரங்க 1961லருந்து ஸ்கி நாட்டீக்னு பேரு வச்சு போட் விட்டுக்கிட்டிருக்காங்க, மாஸ்டர்கிராஃப்ட் ப்ரோஸ்டார், மாலிபு ரெஸ்பான்ஸ் எல்லாம் இதே ஜாதி. எஞ்சின் நட்ட நடுவுல, பெட்டி மாதிரி ஒரு மூடிக்குள்ள, அதுக்கு முன்னாடி தரைலருந்து ஒரு இரும்புக் கம்பம், கயிறு அதுலதான். போட்டோட நடுவுல இருந்து இழுக்குறதால நீங்க எந்தப் பக்கம் சாஞ்சாலும் வாலு திரும்பாது, அடில வேற நேரா போறதுக்குன்னே சின்னச் சின்ன ஃபின் வச்சிருப்பாங்க. வேகத்த டிரைவர் பாக்க வேண்டியதில்ல, முன்னாடி பெர்ஃபெக்ட் பாஸ், அப்புறம் வந்த ஜீரோ ஆஃப் மாதிரி சிஸ்டம் அதுவே புடிச்சுக்கும், ஜீரோ ஆஃப் ஜிபிஎஸ் வச்சு ஓடுறது, நீங்க இழுத்ததும் வேகம் குறையாம எஞ்சின் தானா கொஞ்சம் ஏறி கொடுக்கும். அதுல ஏ, பி, சி, 1, 2, 3ன்னு செட்டிங் இருக்கு, ஃப்ரெண்டு மாத்தி மாத்தி வச்சுட்டு "வித்தியாசம் தெரிஞ்சுதா?"ன்னார், சத்தியமா எனக்கு ஒரு எழவும் தெரியல.

ஆனா அலை தெரிஞ்சுது. மொத தடவ உள்ள வெட்டி வந்தப்ப பழக்கத்துல முட்டிய மடக்கி பல்ல கடிச்சுக்கிட்டு காத்திருந்தேன், இப்ப வரும் இப்ப வரும்னு, தடக்னு ஒரு சின்ன சத்தம், பாத்தா நான் அந்தப் பக்கம் இருக்கேன். அவ்ளோ தட்டை. கயிறு 16 மீட்டருக்கு குறைச்சப்ப மட்டும் லேசா ஒரு மேடு, அது இந்த மாதிரி பல போட்லயும் இருக்குறதுதான். அன்னைக்கு அந்த ஒல்லி ஸ்கீயே கொஞ்சம் மனுஷத்தனமா நடந்துக்குச்சு, அப்பதான் ஃப்ரெண்டு என் வேகத்த பாத்துட்டு "இந்த ஸ்கீய உங்களுக்கு கொடுத்ததே என் தப்பு"ன்னு ஒத்துக்கிட்டார். அவர் சொல்லித்தான் அகலத்துக்கு மாறுனேன்.

அப்ப இந்த போட் வாங்கலாமான்னா, எங்க வீட்டுக்கு வேணாம்னுதான் சொல்வேன். நடுவுல எஞ்சின் பெட்டி எடத்த அடைச்சிரும், தாழ்வான போட், காத்தடிச்சு தண்ணி கொஞ்சம் கலங்குனா மூஞ்சில அடிக்கும், ரிவர்ஸ்ல வாலு ஒரு பக்கமாத்தான் போவேன்னு அடம்புடிக்கும், கரைல கட்டுறதுக்கு தனியா பழகணும். தெரிஞ்சவங்க வச்சிருந்தா பெட்ரோல் போட்டுக் கொடுத்து கெஞ்சிக் கேட்டு ஓட்டுங்க. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஸ்கீயில போடுங்க. ஒரு விஷயம், எந்த போட்டா இருந்தாலும் ஆளு கிட்ட வந்ததும் எஞ்சின ஆஃப் பண்ணுங்க, நியூட்ரல் போதும்னு விடாதீங்க. பின்பலகைல பசங்க உக்காந்திருக்கப்ப எஞ்சின் ஓடவே கூடாது, புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.

கால ஸ்கீயோட புடிச்சு வைக்கிற பைண்டிங் பத்தி எழுதுனா தனி ரிவ்யூ ஆயிரும். முன்னங்காலுக்கு பூட், பின்னங்காலுக்கு வெறும் பட்டை, நான் வச்சிருக்குறது இதுதான், எந்திரிக்கிறப்ப பின்னங்கால வெளிய விட்டு தண்ணில இழுத்துக்கிட்டு பேலன்ஸ் புடிக்கலாம், மேல வந்ததும் சொருகிக்கலாம். ரெண்டு காலுக்கும் பூட் போட்டா கன்ட்ரோல் கூடுதல்னு சொல்றாங்க, ஆனா விழுறப்ப ரெண்டும் சேந்து கழலணும், ஒண்ணு கழண்டு ஒண்ணு மாட்டிக்கிட்டா கணுக்கால் போச்சு. மொதல்ல ஒரு கடைல என் கால பாத்துட்டு ஒரு சைஸ் பெருசா தலைல கட்டிட்டாங்க, காஞ்ச கால்ல போட்டப்ப சொகமாத்தான் இருந்துச்சு, தண்ணில குதிகால் உள்ள தூக்கித் தூக்கி அடிச்சு நான் நெனக்கிறது ஸ்கீக்கு போயி சேரவே இல்ல. மாத்திக் கேட்டா நனைஞ்சத வாங்க மாட்டோம்னுட்டாங்க. சரியான சைஸ்னா காஞ்ச கால் உள்ளயே போகாது, கரைல உக்காந்து சோப்புத் தண்ணி ஊத்தி, மூஞ்சி செவக்க இழுத்து, நடுவுல ஒரு தடவ வேணாம்டா சாமின்னு தோணணும்.

க்ளவுஸ் உள்ளங்கைல கெவ்லார்ங்கிற கெட்டி நூல் வச்சது எடுங்க, மத்தது ஒரு மாசத்துல ஓட்டையாயிரும். லைஃப் ஜாக்கெட் போட்டிக்காரங்க போடுற மெல்லிசு வேணாம், ஒழுங்கா மெதக்குறதுக்கு சர்டிஃபிகேட் இருக்குற வெஸ்ட்டா பாத்துப் போடுங்க. கயிறு வேக்போர்டோடது வேற, ஸ்லாலத்தோடது வேற, வேக்போர்டு கயிறு துளியும் நீளாது, ஸ்லாலம் கயித்துல கொஞ்சூண்டு இழுவை இருக்கும், மாத்திப் போட்டா ஒவ்வொரு வெட்டுக்கும் தோள்பட்டைய உருவி எடுக்கும். ஹேண்டில்கிட்ட முடிச்சுல நூல் பிரிய ஆரம்பிச்சா அன்னைக்கே மாத்திருங்க, அறுந்தா சவுக்கு மாதிரி போட்டுக்குள்ளதான் திரும்பி வரும், உள்ள உக்காந்து பாத்துட்டிருக்குறது நம்ம பசங்க. எங்களது போன சீசனே பிரிஞ்சிருச்சு, இப்ப மொட்டமாடில அதுலதான் துணி காயுது.