மோல்மேனில் ஒரு லேண்ட் குரூசர் பட்டறை: முன் அச்சு வேலை, ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

ரப்பர் ஷீட் வாங்கி விற்பது என் தொழில். பர்மாவில், மோல்மேனுக்குத் தெற்கே முடோன், தன்பியூசயாத் பக்கமெல்லாம் சின்னச் சின்னத் தோட்டங்கள். தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண். வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது, அதில் பெரும்பங்கு ஐந்தே மாதத்தில் கொட்டிவிடும். அந்த ஐந்து மாதமும் சாதாரண வண்டி தோட்டத்துப் பாதையில் ஏறாது.

என்னிடம் இருப்பது 1995 மாடல் லேண்ட் குரூசர், எச்இசட்ஜே 77. ஜப்பானில் ஓடி, பிறகு இங்கே வந்தது. 4.2 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தொல்லையெல்லாம் முன் அச்சில்தான்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டீயரிங் உதற ஆரம்பித்துவிடும். கையை எடுத்தால் பறித்துக்கொண்டு போகும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். டயரின் உள்பக்கத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்து மண் அப்பியிருக்கும். ஃபோர் வீல் போட்டு முழுசாக ஒடித்துத் திருப்பினால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நக்கிளுக்குள், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற முட்டிக்குள், வேலை இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தெரியாது. டயரை மாற்றினேன், பேலன்ஸ் பார்த்தேன், உதறலை அடக்குகிற ஸ்டீயரிங் டேம்பரையும் மாற்றினேன். பணம் போனது, உதறல் போகவில்லை.

அப்புறம் ஒரு கடையில், நக்கிளை மேலும் கீழும் தாங்கித் திருப்புகிற கிங்பின் பேரிங் மாற்றினேன். கடை பேரும் ஊர் பேரும் வேண்டாம். கோயோ என்ற ஜப்பான் கம்பெனி டப்பாவில் போட்டுத்தான் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் பழையபடி உதறல்.

அந்த நிலைமையில்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். முடோன் ரோட்டில் ஊரைத் தாண்டி, தகரக் கூரை, பலகை கிடையாது. நடத்துகிறவர் நம் தமிழ் முஸ்லிம் ஒருவர். பர்மாக்காரர்கள் 'சயா' என்பார்கள், நாங்கள் பாய் என்போம். பழைய லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் தவிர வேறு எதையும் தொட மாட்டார்.

கழற்றிய பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். வெளி வளையத்தில் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் பள்ளம். "எழுத்தை நகத்தால சொரண்டிப் பாருங்க தம்பி," என்றார். சுரண்டினேன். மை அழிந்து நகத்தில் ஒட்டியது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு நல்ல கோயோ பேரிங்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் எழுத்து இரும்பிலேயே பதிந்திருந்தது, எவ்வளவு சுரண்டினாலும் அசையவில்லை. "ஒங்களுக்குக் குடுத்தது பேரிங் இல்ல, பொம்மை," என்றார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிற வண்டியில் போடுகிற சாமான் இது. இதில் போலி விற்கிறவனுக்கு மனசு எப்படி வருகிறது?

நல்ல கிட்டைத் தாய்லாந்து எல்லையில் இருக்கிற மே சாட்டில் இருந்து வரவழைத்தோம். ஆஸ்திரேலியாவில் கட்டி அனுப்புகிற நக்கிள் கிட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 9,000 பாட். மியாவடி, கவ்கரைக், பா-அன் வழியாக லாரியில் ஒன்பது நாளில் வந்தது. பேரிங், உள் எண்ணெய் சீல், கேஸ்கெட், பின்பக்கம் துடைக்கிற ஃபெல்ட் வளையம் எல்லாம் உள்ளே இருந்தன. பேரிங் ஜப்பான். கிட்டில் எனக்கு ஒரு குறை உண்டு: ஷிம், அதாவது இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கிற மெல்லிய தகடு, போதவில்லை. இரண்டே கனத்தில் சில தகடுகள்தான் இருந்தன. பழைய ஷிம்களைப் பாய் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததால் தப்பினோம். உங்கள் வண்டியைக் கழற்றும்போது, மேலே இருந்த ஷிம் எது, கீழே இருந்தது எது என்று கட்டி எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாரையும் அதைக் குப்பையில் போட விடாதீர்கள்.

தாய்லாந்திலிருந்து சாமான் எடுப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பர்மாவில் 1970-லேயே வலது பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள், வண்டி மட்டும் இன்னும் ஜப்பான் வண்டி, ஸ்டீயரிங்கும் வலது பக்கம். தாய்லாந்திலும் வலது ஸ்டீயரிங்தான் என்பதால் டேம்பர், ராடு எல்லாம் அப்படியே பொருந்தும். கரண்டு சாமான் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜப்பானுக்குள் விற்ற இந்த டீசல் வண்டிகள் 24 வோல்ட், தாய்லாந்து, ஆஸ்திரேலியா வண்டிகள் 12 வோல்ட். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ஜோடி விளக்கு மாட்டிய மறுநிமிஷமே கருகியது அதனால்தான்.

இனி அவர் வேலை செய்த விதம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நக்கிள் மேல் இருக்கிற ஆர்மைக் கழற்ற வேண்டுமானால் போல்ட்டைச் சுற்றி இறுகிக் கிடக்கும் கூம்பு வாஷர்கள் வெளியே வர வேண்டும். முந்தைய கடைக்காரன் உளி வைத்து அடித்து இரண்டைப் பிளந்திருந்தான். பாய் பித்தளைச் சுத்தியலை எடுத்து ஆர்மின் பக்கவாட்டில் தட்டினார், பிறகு போல்ட் தலையில் ஒரு தட்டு. மூன்றாவது தட்டில் வாஷர் 'டிங்' என்று தானாகக் குதித்து வெளியே வந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கூழ் மாதிரி ஒரு கறுப்புத் திரவம் நின்றது. உள் சீல் தேய்ந்தால் அச்சின் நடுவில் பல்சக்கரங்களுக்கு ஊற்றியிருக்கிற டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள் கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். அதுதான் டயரில் வழிந்தது. சீல் ஏன் சீக்கிரம் தேய்ந்தது என்று கேட்டேன். ஷிம்மைக் கண்டபடி போட்டால் நக்கிள் நடுவில் உட்காராது, உள்ளே சுழலும் ஆக்சில் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து சீலின் உதட்டைத் தின்னும் என்றார். சீலை மாற்றுகிற எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை.

அடுத்தது 'டக் டக்' சத்தம். சக்கரம் திரும்பினாலும் ஓட்டத்தைக் கடத்துகிற பிர்ஃபீல்டு ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது, புதுசுதான் போட வேண்டும் என்று நான் பணத்தோடு தயாராகப் போயிருந்தேன். அவர் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு உருளும் பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார். "முன்னால ஓடுற பக்கம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு. இடத்தை வலத்துல போடுறேன், வலத்தை இடத்துல போடுறேன். இன்னும் பல வருஷம் ஓடும். புதுசு வேண்டாம்." இடம் மாற்றினால் தேயாத முகம் வேலைக்கு வரும். இரண்டு ஜாயிண்ட் விற்று லாபம் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சத்தம் நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு ஸ்பிரிங் தராசு எடுத்தார், மீன் நிறுக்கிற மாதிரிக் கொக்கி போட்டது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு மாட்டும் ஓட்டையில் கொக்கியைப் போட்டு இழுத்தார். எத்தனை கிலோவில் நக்கிள் அசைய ஆரம்பிக்கிறது என்பதுதான் பேரிங்கின் இறுக்கம். முதல் தடவை லூஸாக இருந்தது. ஒரு ஷிம்மை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினார். இடது பக்கம் 4 கிலோவில் அசைந்தது. வலது பக்கம் மூன்று தடவை கழற்றி மாட்டினார், மதியச் சோறு ஆறிப்போனது. நானே போதும் பாய் என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி கழற்றினார்.

கையோடு இன்னொன்றும் செய்தார், அதற்கு ஆன செலவு மிகக் கொஞ்சம். அச்சின் மேல் இருக்கும் காற்றுத் துவாரத்தில் எண்ணெய்க் குழாய் ஒன்றை மாட்டி எஞ்சின் பக்கம் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டினார். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். துவாரம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஆறு, ஓடை கடக்கிற யாராக இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள்.

வண்டியை உயர்த்த நீளமான ஷாக்கிள், அதாவது ஸ்பிரிங் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற தகடு, போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். முன்பக்கம் அதைப் போட்டால் அச்சு திரும்பி, ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும் என்றார். பட்டையை மாற்றித்தான் உயர்த்த வேண்டும் என்று சொல்லி, ஓல்டு மேன் இமு என்ற பிராண்டு ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டார். சுமை இல்லாதபோது கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், அரை டன் ஷீட் ஏற்றினால் நன்றாக உட்காரும். 500 கிலோமீட்டரில் ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கிற யு போல்ட்டைத் திரும்ப இறுக்கக் கூப்பிட்டார், காசு வாங்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாலு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. போனை எடுக்கவே மாட்டார். ரசீது கிடையாது, நோட்டில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை திறப்பதில்லை. அவசர வேலை உள்ளவர்கள் இங்கே போக வேண்டாம். நக்கிள் வேலைக்குக் கூலி ஒன்றரை லட்சம் கியாட் வாங்கினார். அப்போது இங்கே அது அதிகம்தான், ஆனால் முந்தைய கடையில் நான் இழந்ததைவிடக் குறைவு.

வேலை முடிந்தது 2018 நவம்பரில். அடுத்த மழையில்தான் உண்மையான சோதனை. 2019 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, சால்வீன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவுங் பகுதியில் மலை சரிந்து 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சுற்றுவட்டாரமெல்லாம் வெள்ளம். கோயில் பிள்ளைகளோடு அரிசி மூட்டையும் தண்ணீர்ப் பாட்டிலும் ஏற்றிக்கொண்டு சால்வீன் பாலம் தாண்டிப் போனோம். ஹப்பு முங்குகிற சேற்றுத் தண்ணீரில் மூன்று நாள் போக வர இருந்தேன். அந்த மூன்று நாளும் வண்டியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைக்க வேண்டியவை வேறு இருந்தன.

திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்குத்தான் போனேன். பாய் நக்கிள் மேலிருக்கும் சதுர மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். தண்ணீர் போயிருந்தால் கிரீஸ் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருக்கும். விரலில் வந்தது சுத்தக் கறுப்பு, கெட்டியாக. வலது பக்கமும் அப்படியே. பின்பக்கம் ஃபெல்ட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார், சேறு மட்டும் வந்தது, எண்ணெய் இல்லை. எண்பதில் போனாலும் ஸ்டீயரிங் இப்போது உதறுவதில்லை.

அடுத்து பின் அச்சு சீல். அந்தக் கிட் மே சாட்டில் வந்து கிடக்கிறது.