இரண்டு கோட்டைகள்: டிங்கெல் குடும்பமும் நியூயார்க் 14-உம்

தென்கிழக்கு மிச்சிகனில் டிங்கெல் குடும்பத்தின் தொகுதி, நியூயார்க்கின் 14-ஆம் தொகுதி இரண்டுமே அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். நவம்பர் பொதுத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

மிச்சிகனில் 1933 முதல் அப்பா ஜான் டிங்கெல். 1955-ல் அவர் இறந்ததும் அதே பெயர் கொண்ட மகன், 59 ஆண்டுகள். 2015 முதல் மகனின் மனைவி டெபி. தொகுதியின் எண் மாறியது, குடும்பப் பெயர் மாறவில்லை. 2002-ல் எல்லை மாறி, அதே கட்சியின் இன்னொரு எம்.பி. லின் ரிவர்ஸோடு மோத வேண்டி வந்தபோதும் டிங்கெல்தான் ஜெயித்தார். சும்மா உட்கார்ந்திருந்த குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. 1965-ல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மசோதா நிறைவேறியபோது சபைக்குத் தலைமை தாங்கிய மகன் தட்டிய மரச் சுத்தியல், 2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்காக அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசியின் கைக்குப் போனது.

நியூயார்க்கிலோ ஜோ கிரௌலிக்கு 2004-க்குப் பிறகு 14 ஆண்டுகள் உட்கட்சியில் போட்டியே இல்லை. பிரதிநிதிகள் சபையில் கட்சித் தலைமையின் நான்காம் இடத்தில் இருந்தவர். 2018 ஜூன் 26 அன்று 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸிடம் சுமார் 57-க்கு 43 சதவீதம் என்று தோற்றார். வீடு வீடாக நடந்து அடிப்பகுதி ஓட்டையான தன் காலணியின் படத்தை ஒகாசியோ-கோர்டெஸ் பிறகு வெளியிட்டார்.

என் கணிப்பில் கவனிக்க வேண்டியது நியூயார்க்தான். அங்கே முடிவைத் தீர்மானித்தவை மொத்தமே பதிவான சுமார் 30,000 ஓட்டுகள்.