டெக்கால் இல்லாமல் ஆறு வருடம்: சின்ன விமானங்களுக்குக் கையால் சின்னம் வரைந்த அனுபவம்

2019 மழைக்காலத்தில் பெங்களூர் முருகேஷ்பாளையம் வீட்டில் உட்கார்ந்து, ஃபோலண்ட் நாட் என்ற போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஒட்டி முடித்தேன். 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்பதரை சென்டிமீட்டர்கூட இல்லை. பெயின்ட் அடித்து, காய வைத்து, கடைசி வேலையாக, சின்னங்கள் அச்சிட்ட டெக்கால் தாளை, விமானத்தின் மேல் நழுவவிட்டு ஒட்டுவதற்காகத் தண்ணீரில் போட்டேன். பரணில் பல வருடம் கிடந்த பெட்டி அது. போட்ட நிமிடமே மூவண்ண வட்டம் அப்பளம் மாதிரி துண்டு துண்டாகப் போய்விட்டது. வேறு தாள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரி, வரைந்துதான் பார்ப்போமே என்று தூரிகையை எடுத்தேன். அன்றிலிருந்து இதுவரை பதினான்கு விமானங்கள். ஒன்றில்கூட டெக்கால் ஒட்டவில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் சிரமம் எங்கே என்று புரியும். நிஜ விமானத்தில் 18 அங்குல விட்டமுள்ள ரவுண்டல் (விமானப்படையின் வட்டச் சின்னம்) 1/72-இல் 6.35 மில்லிமீட்டர். 1/144-இல் அதில் பாதி. அதற்குள் காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறம், ஒரே மையம். எட்டு அங்குல உயரமுள்ள வரிசை எண் 1/72-இல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கை நடுங்காமல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கை எல்லோருக்கும் நடுங்கும். விளிம்பை ஒரு கருவி போட வேண்டும், உள்ளே நிரப்புவது தூரிகையின் வேலை, தப்பை வெட்டுவது பின்னணி நிறத்தின் வேலை. இந்த மூன்றையும் பிரித்துக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

விளிம்பு போடும் கருவி என் வீட்டிலேயே இருந்தது. அப்பா ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருடைய இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸில் ஊதா வெல்வெட் குழிக்குள் ஒரு ரூலிங் பென், அதைக் காம்பஸில் மாட்டுகிற இன்னொரு துண்டு. இரண்டு எஃகு இதழ்கள், நடுவே ஒரு குட்டித் திருகு. திருகை இறுக்கினால் கோடு மெலியும், தளர்த்தினால் தடிக்கும். கணினி வந்த பிறகு யாரும் தொடாத பொருள். நான் அதைப் பெயின்ட் பாட்டிலில் முக்கப் போனபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "முக்காதடா. வெளிப்பக்கம் ஒட்டினா கோடு பிசிறும். பிரஷ்ஷால ஊட்டு" என்றார். இதழ்களுக்கு நடுவில் ஒரு சொட்டு ஊட்டினால் அது அங்கேயே தொங்கி நிற்கும். இன்று வரை அப்படித்தான் செய்கிறேன். ஆறு வருடத்தில் நான் வாங்கியும் கழித்தும் போட்ட எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் உழைத்தது இந்தப் பழைய பேனாதான்.

பெயின்டின் பதம் முக்கியம். காய்ச்சாத பால் அளவுக்கு நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இதழுக்குள்ளேயே நின்றுவிடும், ரொம்ப நீர்த்தால் தொட்டதும் குளமாகிவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பிளாஸ்டிக் துண்டில் நாலு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விமானத்துக்கு வருகிறேன். காம்பஸ் ஊசி இறக்கையைக் குத்திவிடாமல் இருக்க, மையத்தில் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்கு ஒட்டி, அதன் மேல் ஊசியை ஊன்றலாம்.

வரிசை இப்படி: முதலில் முழு விட்டத்துக்கும் வெள்ளை வட்டம். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அதன் மேல் காவி வளையத்தின் வெளி விளிம்பும் உள் விளிம்பும் பேனாவால், நடுவே தூரிகையால் நிரப்பல். கடைசியில் பச்சைப் பொட்டு. வெள்ளையை முதலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. காவியும் மஞ்சளும் மூடும் திறன் குறைந்த நிறங்கள். உருமறைப்புப் பச்சை மேல் நேரடியாகக் காவி போட்டால் செங்கல் மாதிரி மங்கிப்போகும், நாலு கோட் போட்டாலும் எழாது. வெள்ளை மேல் இரண்டே கோட்டில் பளிச்சென்று வரும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காக, இந்தப் பக்கத்துப் போர்முனையில் பறந்த விமானங்களின் ரவுண்டலிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது அடர் நீலமும் வெளிர் நீலமும். அன்றைய இந்திய விமானப்படையின் ஹரிக்கேன் போர் விமானங்களிலும் அதுதான். இரண்டே நிறம், இரண்டும் நன்றாக மூடும் நிறம். என் மூன்றாவது விமானம் அப்படி ஒரு ஹரிக்கேன். முதல் முறையாக ரவுண்டலைப் பார்த்து மனசு நிறைந்தது அதில்தான்.

வளைந்த பரப்பில் காம்பஸ் உதவாது. விமானத்தின் உடல்பக்கத்தில் ரவுண்டல் வந்தால் டேப்பில் வட்டம் வெட்டி, சுற்றியுள்ள இடத்தை மூடி மாஸ்க் செய்துகொள்கிறேன். என்னிடமுள்ள வட்ட வெட்டி 10 மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. அதற்குக் குறைவான அளவுக்கு, தோலில் ஓட்டை போடும் பஞ்ச் செட் ஒன்று எஸ்.பி. ரோடு பக்கம் வாங்கினேன். கண்ணாடி மேல் டேப்பை ஒட்டி வெட்டாதீர்கள், பஞ்ச் முனை மழுங்கிவிடும். தடித்த அட்டை மேல் வைத்து ஒரே தட்டு. டேப்பின் ஓரத்தில் முதலில் பின்னணி நிறத்தையே ஒரு கோட் தடவிவிட்டு, பிறகு சின்னத்தின் நிறத்தைப் போட்டால் கசிவு இருக்காது. கசிவதெல்லாம் பின்னணி நிறமாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இனி எண்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மூன்று மில்லிமீட்டருக்குள் '8' போடுவதை நேராக முயன்றால் பூசணிக்காய் மாதிரி வரும். நான் செய்வது இது: எழுத்தின் உயரத்துக்கு மேலும் கீழும் இரண்டு டேப் ஒட்டி, நடுவே கறுப்பில் கொஞ்சம் தடியாகவே எண்ணை எழுதிவிடுவேன். அரை நாள் கழித்து, பின்னணிச் சாம்பல் நிறத்தைத் தூரிகை நுனியில் எடுத்து, எண்ணை வெளியிலிருந்து செதுக்குவேன். '8'-இன் இரண்டு கண்களும் சாம்பல் புள்ளிகள்தான். '4'-இன் முக்கோணமும் அப்படியே. கறுப்பு இளைத்து இளைத்து, லென்ஸுக்குக் கீழே அந்த எண் கூர்மையாகி நிற்கும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்காகவே, கலந்த பின்னணி நிறத்தில் பத்துச் சொட்டாவது ஒரு சின்னக் குப்பியில் மூடி எடுத்து வையுங்கள். கான்பெர்ரா குண்டுவீச்சு விமானம் ஒன்றுக்கு நான் அப்படி வைக்கவில்லை. எண்ணைத் திருத்தும்போது புதிதாகக் கலந்த சாம்பல் ஈரத்தில் சரியாக இருந்தது, காய்ந்ததும் ஒரு சாயல் வேறாகிவிட்டது. வால் பகுதி முழுக்க மறுபடியும் அடிக்க வேண்டி வந்தது.

தூரிகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் 10/0, 5/0 எண் போட்ட மிகச் சிறியவையாக வாங்கிக் குவித்தேன். தவறு. அவ்வளவு சின்ன மயிர்க்கற்றையில் பெயின்ட் நிற்பதில்லை, நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. பெங்களூரின் மார்ச், ஏப்ரல் வறட்சியில் பாட்டிலிலிருந்து விமானத்துக்குப் போவதற்குள் உலர்ந்துவிடும். இப்போது கோலின்ஸ்கி என்கிற இயற்கை மயிரில், அதைவிடப் பெரிய 0 அல்லது 1 எண்தான். வயிறு பெரிது, நுனி ஊசி. இரண்டு தூரிகைகள் நான்கு வருடமாக ஓடுகின்றன, சோப்பில் கழுவி, விரலால் நுனியைச் சேர்த்து, படுக்க வைத்துக் காய வைப்பதால். செயற்கை இழைத் தூரிகைகள் ஆறு மாதத்தில் நுனி சுருண்டுவிட்டன. அவற்றை இப்போது பேனாவுக்குப் பெயின்ட் ஊட்ட மட்டும் பயன்படுத்துகிறேன்.

பெயின்டில் வலேஹோ மாடல் கலர் என்ற பிராண்ட் எனக்குக் கைவந்திருக்கிறது. தண்ணீரில் கரையும், தூரிகைக் கோடு அதிகம் தெரியாது, பேனாவிலும் ஓடும். ஆல்கஹால் கலந்த அக்ரிலிக்குகள் ஸ்ப்ரேவுக்கு அருமை. ஆனால் தூரிகையில் இரண்டாவது கோட் முதல் கோட்டைக் கரைத்து இழுத்துக்கொண்டு வருகிறது. வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன். தலையில் மாட்டும் லென்ஸ் இல்லாமல் உட்காரவே மாட்டேன்.

'நோ ஸ்டெப்' (இங்கே மிதிக்காதே) மாதிரியான பொடி எழுத்துகளுக்கு பிக்மா மைக்ரான் 005 என்ற மெல்லிய மைப் பேனா. அதன் கோடு 0.2 மில்லிமீட்டர். 1/72-இல் அந்த வாசகங்களைப் படிக்கவே முடியாது, வரிசையாகச் சின்னச் சின்னக் கீற்றுகள் போட்டால் கண் தானாகவே எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. பளபளப்பு வார்னிஷ் மேல் எழுதாதீர்கள், மை பிடிக்காமல் துடைத்துக்கொண்டு போகும். பளபளப்பு குறைந்த அரை மேட் பரப்பில் எழுதி, தண்ணீர் கலந்த வார்னிஷால் மூடினால் நிற்கிறது. ஆல்கஹால் வார்னிஷ் அடித்து ஒரு முறை மை ஊதாவாகப் பரவியதைப் பார்த்துவிட்டேன். மழை நாளில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வெளுத்துப் பூத்துவிடும்.

டெக்காலோடு ஒப்பிட்டால் நேரம்தான் பெரிய வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு எனக்கு நான்கு மாலைகள் ஆகின்றன. ஆனால் ஓரத்தில் மினுங்கும் படலம் கிடையாது, மஞ்சளாவது கிடையாது. 2019 நாட்-இன் ரவுண்டல் இன்றும் அன்று போட்ட மாதிரியே இருக்கிறது. பக்கத்து அலமாரியில் அதற்கு முந்தைய டெக்கால் விமானம் ஒன்று இருக்கிறது. அதன் வெள்ளை இப்போது பழைய பத்திரிகைத் தாள் நிறம்.

இப்போது மேசையில் இருப்பது மாருத் போர் விமானம். ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் இதே ஊரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த விமானம். கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியே ஒன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், ரவுண்டல் இறக்கையின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று படம் எடுத்து வந்தேன். இடது இறக்கை முடிந்துவிட்டது. வலது இறக்கையில் வெள்ளை வட்டம் நேற்று இரவுதான் போட்டேன். நாளை மாலை காவி.