வரி சேர்த்த விலை மட்டுமே: திருச்சியில் ஒரு மின்பொருள் கடை

திருச்சி மேலப்புலிவார்டு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நான் எழுதப்போகும் மின்பொருள் கடை. பழைய வீட்டின் ஒயரிங்கை முழுவதுமாக மாற்ற வேண்டியிருந்ததால், ஒயர், எம்.சி.பி. (மின்சுமை கூடினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு சுவிட்ச்), சுவிட்ச், மின்விசிறி என எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினேன். கடையின் பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. இந்தக் கடையிலிருந்து ஒரு சுவிட்ச்கூட பில் இல்லாமல் வெளியே போவதில்லை. பில் வேண்டாம், விலையைக் குறைத்துக்கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் மரியாதையாக மறுப்புச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

முதலில் விலையைப் பேசிவிடலாம். என் பட்டியலுக்கு இங்கே ஆனது 62,000 ரூபாய். அதன்மேல் மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 5,580, மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 5,580, ஆக மொத்தம் 73,160 ரூபாய். அதே பிராண்டு, அதே அளவு, அதே எண்ணிக்கைக்கு வேறொரு கடையில் 66,200 ரூபாய் சொன்னார்கள். அங்கே கொடுத்த தாளின் தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. கடையின் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, கூட்டுத்தொகையின் கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை. பக்கா பில் வேண்டுமானால் 18 சதவீதம் கூடும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அப்படிக் கூட்டினால் 78,116 ரூபாய் ஆகிறது. அதாவது பில்லோடு வாங்குபவருக்கு அந்தக் கடைதான் விலை அதிகம். ஆனால் பில்லை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு அங்கே 6,960 ரூபாய் மிச்சம். ஏறக்குறைய ஒரு கொத்தனாரின் ஒரு வாரக் கூலி அது. வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சின்னத் தொகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்பதை இந்தக் கடை உரிமையாளர் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கடைக்காரர் மொத்த விற்பனையாளரிடம் ஒரு பொருளை 1,000 ரூபாய்க்கு வாங்கினால், 180 ரூபாய் வரி சேர்த்து 1,180 கொடுக்கிறார். 100 ரூபாய் லாபம் வைத்து அதை 1,100க்கு விற்கும்போது நம்மிடம் 198 ரூபாய் வரி வாங்குகிறார். தான் முன்பே கட்டிய 180ஐக் கழித்துக்கொண்டு மீதி 18 ரூபாயை அரசுக்குச் செலுத்துகிறார். ஆகவே முறைப்படி சரக்கெடுத்தவர் பில் போடாமல் விற்றால் அவருக்கு மிச்சமாவது அந்த 18 ரூபாயும், மறைத்த லாபத்துக்கான வருமான வரியும்தான். 1,298 ரூபாய்ப் பொருளை ஒருவரால் 1,160க்குக் கொடுக்க முடிகிறதென்றால், அது அவருடைய கொள்முதல் விலைக்கும் கீழே. அந்தச் சரக்கே பில் இல்லாமல் கடைக்கு வந்திருக்கலாம். அல்லது நமக்குக் கொடுக்காத பில் யாரோ ஒருவர் பெயருக்குப் போய், அவர் வாங்காத பொருளுக்கு வரிக்கழிவு எடுத்துக்கொள்ள உதவியிருக்கலாம். தள்ளுபடி என்று நம் கையில் வைக்கப்படுவது கடைக்காரருடைய பணம் அன்று என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"எல்லாரும் ஏமாற்றுகிறார்கள், நான் ஒருவன் கட்டி என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். மாதச் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்ட பிறகு இங்கேயும் கட்ட வேண்டுமா என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் எங்கள் வீட்டில் செங்கல் சுமந்த சித்தாள் பெட்டிக்கடையில் வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி, எம்.ஆர்.பி.யிலேயே அடங்கியிருக்கிறது; பில் வேண்டாம் என்று சொல்லி அதைக் குறைத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை. உடம்புக்கு வந்தால் அவர் போவது புத்தூர் அரசு மருத்துவமனைக்கு. வீட்டைப் புதுப்பிக்கும் வசதியுள்ள நான் 11,160 ரூபாய் வரியிலிருந்து நழுவிக்கொள்ள, அவர் தன் சோப்புக்குக் கட்டிக்கொண்டிருப்பது எந்தக் கணக்கிலும் சரியாக வராது. நான் கூடுதல் விலை கொடுத்ததற்கு முதற்காரணம் இதுதான். பொருளின் தரமும் வாரண்டியும் அதற்கு அடுத்தவை.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒயர்தான் போலி அதிகம் வரும் பொருள். இங்கே 90 மீட்டர் சுருளின் அட்டைப் பெட்டியை நம் கண்முன் பிரிக்கிறார்கள். ஒயரின் மேலுறையில் நிறுவனத்தின் பெயர், 2.5 சதுர மில்லிமீட்டர் என்ற அளவு, ஐ.எஸ். 694 என்ற தர எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவை சீரான இடைவெளியில் அச்சாகியிருப்பதைக் காட்டுகிறார்கள். பெட்டியிலுள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கவும் சொல்கிறார்கள். நான் பார்த்தேன், சரியாக இருந்தது. நுனியைச் சீவிக் காட்டியபோது செம்புக் கம்பிகள் பளிச்சென்று, ஒரே பருமனில் இருந்தன. வாங்கிய மின்விசிறிகளில் ஒன்று சில வாரங்களில் இரையத் தொடங்கியது. நிறுவனத்தின் சேவைப் பிரிவினர் முதலில் கேட்டது பில்லைத்தான். படம் எடுத்து அனுப்பியதும் வாரண்டியில் மாற்றிக்கொடுத்தார்கள்.

இந்தக் கடைக்கு எலக்ட்ரீசியன்கள் வாடிக்கையாளர்களை அழைத்து வருவதில்லை. மின்பொருள் வாங்கியவர்கள் பலருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு: எலக்ட்ரீசியன் அழைத்துப் போகும் கடையில், பில் தொகையில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷனாகப் போகும், அது நம் விலையில்தான் ஏறும். இந்த உரிமையாளர் அதைக் கொடுப்பதில்லை. இந்தக் கடையின் பெயரைச் சொன்னதும் எங்கள் எலக்ட்ரீசியன் முகம் சுளித்தார். அங்கே சரக்கு சரியிருக்காது என்றார். நான் வற்புறுத்தாமல் காரணம் கேட்டேன். "அண்ணே, பாயிண்டுக்கு நீங்க குடுக்கிற காசுல ஹெல்பர் சம்பளம் போக எனக்கு என்ன நிக்கும்? கடையில கிடைக்கிறதுதான் எனக்கு மிச்சம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பகுதியில் பாயிண்ட் கூலி, அதாவது ஒவ்வொரு விளக்கு, மின்விசிறி, பிளக் இணைப்புக்கும் கொடுக்கும் கூலி, நீண்ட நாள்களாக உயரவில்லை. வீட்டுக்காரர்கள் கூலியில் பேரம் பேசிப் பேசிக் குறைத்ததைத்தான் கடைகள் கமிஷனாக ஈடுகட்டிக்கொண்டிருக்கின்றன. நான் பாயிண்டுக்கு 20 ரூபாய் கூட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டேன். அவரும் மறுபேச்சின்றி இந்தக் கடைச் சரக்கையே போட்டார், வேலையும் சுத்தமாக இருந்தது. கமிஷன் வாங்குபவரை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. உழைப்புக்கு உரிய கூலியை நேராகக் கொடுக்காமல், அவர் நேர்மையாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நம் பக்கத்துத் தவறு.

கடையில் உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வீட்டுக்கு ஏழு மின்விசிறி வாங்க வந்த ஒருவர், பில்லைத் தம் நிறுவனத்தின் பெயரில் போடச் சொன்னார்; வரிக்கழிவு எடுத்துக்கொள்ளலாமே என்றார். வீட்டு உபயோகம் என்று நீங்களே சொன்ன பிறகு அப்படிப் போட முடியாது சார் என்று உரிமையாளர் பதில் சொன்னார். வந்தவர் சற்றுக் கோபமாகவே எழுந்து போய்விட்டார். ஏழு மின்விசிறியின் லாபம் அந்தச் சின்னக் கடைக்குப் பெரிய தொகை. உரிமையாளர் எடுத்துவைத்த பெட்டிகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, என் பட்டியலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இதைப் படித்துவிட்டு வரி போடாத எல்லாக் கடைகளையும் சந்தேகப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்கள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்தால், தங்கள் விற்பனையில் 1 சதவீதத்தைத் தாங்களே கட்டுவார்கள். நம்மிடம் தனியாக வரி வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அத்தகையவர்களாலும் தங்கள் பெயரிட்ட ரசீதைக் கொடுக்க முடியும், கொடுக்கிறார்கள். மாறாக, வரி என்று வாங்கிக்கொண்டு கட்டாதவர்களும் உண்டு. பில்லில் உள்ள 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்த வகை என்பது தெரிந்துவிடும். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடையின் குறைகளும் உண்டு. மாடுலர் சுவிட்சில் இரண்டு பிராண்டுகளுக்கு மேல் இல்லை. அலங்கார விளக்கு வேண்டுபவர்கள் வேறிடம் போக வேண்டும். ஒரே கணினியில் பில் போடுவதால் மாலை நேரத்தில் வரிசை நகராது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி இல்லை, சந்துக்குள் கார் நிறுத்த இடமில்லை. பிரிக்காத ஒரு ஒயர்ச் சுருளைத் திருப்பிக் கொடுத்தபோது பில்லைப் பார்த்து உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பணமாகத் தராமல் வரவுச் சீட்டாகத்தான் கொடுத்தார்கள். கணக்கை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கும் கடை, திருப்பிய பொருளுக்குப் பணத்தையே வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் அளவு வாரியாகப் பட்டியல் எழுதிக்கொண்டு, காலை பதினொரு மணிக்குள் போவது நல்லது. அந்த நேரத்தில் உரிமையாளரே முன்னால் நின்று எடுத்துக்கொடுக்கிறார்.